முருகையன் போட்ட ட்ரிப் ஷீட்

என் கணவர் முருகையனின் குரலைக் கேட்டு ஓடிப்போய்ப் பேருந்தைப் பிடித்தவர்கள் தென்சென்னையில் சில ஆயிரம் பேராவது இருப்பார்கள். இருபத்தாறு வருடம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தார். எந்த நிலையம் என்று எழுதவில்லை; அவர் குறை எழுதிய டிரைவர்களில் பலர் இன்னும் அங்கேதான் ஓட்டுகிறார்கள். அறையில் மைக் இருந்தது, அவர் தொட்டதில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு சத்தம் போடுவார். டீ குடித்துக்கொண்டிருக்கும் கண்டக்டர் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவார். "நைனா, உன் தொண்டையில ஏர் ஹாரன் கீது" என்பார்கள்.

அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. ஐம்பத்து மூன்றாவது வயதில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மூச்சுக்குக் கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு துணி. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். அதன்பின் நான்கு வருடம் இருந்தார். இந்தத் தை மாதம் போய்விட்டார். அவருடைய நோயைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்த நான்கு வருடத்தில் அவர் நடத்திய ஒரு சண்டையைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

முதல் ஆறு மாதம் கையில் ஸ்லேட்டும் சாக்பீஸும். மாடவீதியில் காய் விற்கிற அம்மாள் அவர் ஸ்லேட்டை எடுத்ததுமே, காது கேளாதவரிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "கத்திரிக்கா நாப்பது! நாப்பதுங்க!" என்று கத்தினாள். அவர் நிதானமாக எழுதிக் காட்டினார்: 'காது நல்லா கீது. தெரு பூரா வெலைய சொல்லிட்ட, இனிமே ஏத்த முடியாது.' அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் அவர் எழுதி, திருப்பி, அவள் எழுத்துக் கூட்டிப் படித்துச் சிரிப்பதற்குள் பின்னால் நின்ற இரண்டு பேர் கையை நீட்டிக் காயைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கு உறுத்தியது அதுதான். நாலு பேர் பேசுகிற இடத்தில் ஸ்லேட்டுக்காரன் எழுதி முடிக்கும்போது பேச்சு இரண்டு தெரு தாண்டிப் போயிருக்கும். கல்யாண வீடுகளுக்கு வர மறுத்தார். மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் சலூனுக்குப் போய் அரட்டை அடிப்பதையும் விட்டார்.

கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். ஒரு நாள் வைத்துப் பார்த்தார். டப்பாவுக்குள் மாட்டிய வண்டு பேசுவதுபோல் இருந்தது. கருவியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு எழுதினார்: 'இது என் குரல் இல்ல. எவனோ பேசுறான்.'

ஷரஃபுதீன் வந்தது அப்போதுதான். இவருடன் பள்ளியில் ஒரே பெஞ்சு. ராயப்பேட்டையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். தன் கையாலேயே மாட்டிய ஒரு கம்ப்யூட்டரை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் மேசையில் இறக்கினார்.

"நீ க்ளாஸுல பேசுனதுக்கு நான் எத்தினி அடி வாங்கியிருக்கேன் தெரியுமா? இப்ப நீ சும்மா குந்திக்கினு இருக்கறத பாக்க முடியலடா. இதுல வா."

அவர் காட்டியது கம்ப்யூட்டருக்குள் ஓர் ஊர். புரோகிராமைத் திறந்தால் ஒரு கடற்கரை, தெருக்கள், கடைகள். நமக்கென்று ஓர் உருவம். அதை நடக்க வைக்கலாம், உட்கார வைக்கலாம். அந்த உலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது, தமிழ்க்காரர்கள் அதை 'வேறூர்' என்றே சொல்வார்கள். அங்கே ஒரு கடலோரத்துத் துண்டு நிலத்தில் ஷரஃபுதீனும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு டீக்கடை போட்டிருந்தார்கள். டீ கிடையாது, பெஞ்சு மட்டும். ஒரே நேரத்தில் இருபது பேர் இருக்கலாம். துபாய், மலேசியா, கனடா என்று எங்கெங்கோ இருந்து ஆள் வரும், போகும். யாரும் வாயால் பேசுவதில்லை. தட்டச்சு செய்வார்கள், எழுத்து தலைக்கு மேலே மஞ்சளாக வரும்.

அங்கே எல்லோருமே ஸ்லேட்டுக்காரர்கள்.

அவர் தன் உருவத்துக்குக் காக்கிச் சட்டை போட்டு, கழுத்தில் ஒரு விசில் மாட்டினார். முதல் நாளே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு மாதத்தில் இரண்டு விரலால், ஓர் ஆள் பேசும் வேகத்தில் தமிழ் அடிக்கக் கற்றுக்கொண்டார். வாட்ஸாப்பில் பேசக்கூடாதா என்று என் அண்ணன் கேட்டான். அதில் ஒருவர் காலையில் போட்டதற்கு இன்னொருவர் மத்தியானம் பதில் போடுவார். இவருக்கு வேண்டியது அது இல்லை. எதிராளி வாயை மூடுவதற்குள் மடக்க வேண்டும். மறுபடி எல்லோரும் அவரை நைனா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மாலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பத்து வரைக்கும் எங்கள் வீட்டில் டைம் கீப்பர் அறையின் சத்தம் கேட்டது. சத்தம் என்றால் கீபோர்டின் சத்தம். எனக்கு அது போதுமாயிருந்தது.

எட்டு மாதம் இப்படி. பிறகு அந்தப் புரோகிராமுக்குப் புதிய பதிப்பு ஒன்று வந்தது.

உடனே ஒன்றும் தெரியவில்லை. ஏழு மணிக்கு எல்லாம் சரியாக இருக்கும். எட்டு மணிவாக்கில் அடித்த எழுத்து கொஞ்சம் யோசித்துவிட்டு வரும். எட்டரைக்கு உருவம் சேற்றில் நடப்பதுபோல் நடக்கும். ஒன்பதுக்கு, அவர் ஒரு வரி அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அரை நிமிடம் கழித்து அது தலைக்கு மேலே வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததால் முதலில் தன் விரலைத்தான் சந்தேகப்பட்டார். நரம்புத் தளர்ச்சியோ என்று டாக்டரிடம் கூடக் கேட்டார். டாக்டர் விரலை மடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார்.

புரோகிராமை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால் சரியாகிவிடும். ஆனால் மாலை நேரத்தில் உள்ளே நுழைய வரிசை. பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். அதற்குள் டீக்கடையில் இருபதாவது ஆள் உட்கார்ந்திருப்பான், கதவு மூடியிருக்கும்.

கம்பெனிக்கு ஒரு புகார் போட்டார். 'நேரம் ஆக ஆக மெதுவாகிறது' என்று நான்தான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் புகாரை மூடிவிட்டார்கள். காரணம்: பயனரின் கணினி பழையது. யோசனை: மணிக்கு ஒருமுறை மூடித் திறக்கவும்.

அவர் ஸ்லேட்டை எடுத்தார். 'பேசிக்கினு இருக்கறவன மணிக்கு ஒரு தபா எழுந்து வெளிய போயி கதவத் தட்டிட்டு வான்றான். நான் ஏன் எழுந்து போவணும்?'

அதோடு விட்டிருப்பாரோ என்னவோ. அடுத்த வாரம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது அவரை விடவிடவில்லை.

மணி ஒன்பதிருக்கும். டீக்கடையில் ஷரஃபுதீன் புலம்பிக்கொண்டிருந்தார்: "என் ஸ்கூட்டர் போச்சுடா மச்சி. இன்ஜின் மொத்தமா அவுட்." இவர் சட்டென்று அடித்தார்: "போனா போவட்டும் வுடு! அதெல்லாம் ஒரு வண்டியா, கலீஜு. ஒழிஞ்சுதுன்னு எல்லாருக்கும் ஸ்வீட் எடு."

அந்த வரி வெளியே வரவில்லை. கம்ப்யூட்டருக்குள் எங்கோ நின்றுகொண்டிருந்தது. அதற்குள் இஃப்ரா உள்ளே வந்தாள். ஷரஃபுதீனின் அக்கா மகள், வேளச்சேரியில் இருக்கிறாள், இருபத்தேழு வயது. வந்ததும் வராததுமாக எழுதினாள்: "மாமு, இன்னியோட என் வேலை போச்சு. நாலு வருஷம். ஒரே ஒரு மெயில்ல முடிச்சிட்டாங்க."

அதற்கு நேர் கீழே என் கணவரின் வரி வந்து நின்றது. ஒழிஞ்சுதுன்னு எல்லாருக்கும் ஸ்வீட் எடு.

துபாய்க்காரர் ஒருவர், "நைனா, இன்னா பேச்சு இது?" என்றார். இஃப்ராவின் உருவம் மறைந்தது. இதெல்லாம் எங்கள் திரையில் ஒவ்வொன்றாக, தாமதமாக வந்து சேர்ந்தது. என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்தபோது அந்தப் பெண் போய் ஒரு நிமிடம் ஆகியிருந்தது. "அய்யோ கண்ணு அது உனக்கு இல்ல" என்று அடித்தார். அதுவும் வந்தது, நாற்பது நொடி கழித்து, அவள் இல்லாத பெஞ்சுக்கு முன்னால்.

அவர் கத்தினார். கத்த முடியாத ஆள் கத்தினால் கழுத்துத் துளையிலிருந்து ஒரு காற்று வரும், அவ்வளவுதான். பிறகு ஸ்லேட்டில் எழுதினார். 'வார்த்த தப்பு இல்ல ஜோதி. வந்த நேரம் தப்பு. வாய் இருந்தப்ப எனக்கு இப்பிடி ஆனதே இல்ல.'

மறுநாள் காலை மந்தைவெளியில் ரயில் ஏறி வேளச்சேரிக்குப் போனோம். இஃப்ரா கதவைத் திறந்தபோது ஸ்லேட்டை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். மன்னிப்பை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார். வியர்வையில் பாதி அழிந்திருந்தது.

அவள் படித்துப் பார்த்துவிட்டுக் குலுங்கிச் சிரித்தாள். "அங்கிள், இத தூக்கிக்கினு ரயில்லயா வந்தீங்க? போலீஸ் புடிச்ச ஆளு ஃபோட்டோவுக்கு நிக்கிற மாதிரி இருக்கு. உள்ள வாங்க."

அவள் வேலை பார்த்தது சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிக்கும் பிரிவில். கம்பெனியின் பதிலை என் போனில் காட்டினேன். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"'மெதுவா இருக்கு'ன்னு எழுதினா மூடத்தான் செய்வாங்க ஆன்ட்டி. நானா இருந்தாலும் மூடியிருப்பேன். எப்போ, எவ்ளோ, எது பண்ணா வருது, எது பண்ணா வரல... அது வேணும். ஒருத்தன் திரும்ப செஞ்சி பாக்கற மாதிரி இருக்கணும்."

முந்தின இரவுக்குப் பிறகு அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது. ஸ்லேட்டைத் துடைத்துவிட்டு எழுதினார்: 'ட்ரிப் ஷீட் கேக்குற.'

ட்ரிப் ஷீட் என்பது ஒரு பேருந்து அன்றைக்கு எத்தனை நடை போனது, ஒவ்வொரு நடையும் எத்தனைக்குக் கிளம்பி எத்தனைக்கு வந்தது என்று எழுதும் தாள். இருபத்தாறு வருடம் அவர் கையெழுத்துப் போட்ட தாள். வரும் வழியிலேயே ஒரு நீள நோட்டு வாங்கினார். கட்டம் போட்டார். மாலை ஏழு மணியிலிருந்து அரைமணிக்கு ஒருமுறை, எல்லோருக்கும் சொல்லிவிட்டு, ஒரே வரியை அடிப்பார்: "வண்டி கெளம்பிச்சு." அடித்த நொடிக்கும் அது தலைக்கு மேலே வந்த நொடிக்கும் நடுவே எவ்வளவு என்று கைக்கடிகாரத்தில் பார்த்து எழுதுவார். பதினோரு நாள். எல்லா நாளும் ஏறத்தாழ ஒன்றுதான். ஏழுக்கு ஒரு நொடி. ஏழரைக்கு மூன்று. எட்டுக்கு எட்டு. எட்டரைக்குப் பதினேழு. ஒன்பதுக்கு நாற்பத்தொன்று. மூடித் திறந்தால் மறுபடி ஒன்று.

கடையில் இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். "நைனா ரிட்டயர் ஆனதே மறந்துட்டாரு. மச்சி, சில்லறையா குடுங்க, டிக்கெட் போடப் போறாரு."

இஃப்ரா அதை ஒழுங்கான ஆங்கிலத்தில் எழுதினாள். அவர் எழுதச் சொன்ன ஒரு வரியை மட்டும் அப்படியே சேர்த்தாள்: வண்டி பழசு என்றால் முதல் நடையிலேயே இழுக்க வேண்டும், முதல் நடை ஜோராகப் போய் ஐந்தாவது நடையில் இழுத்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

நான்கு நாளில் மூடினார்கள். பயனரின் கணினி பழையது.

ஷரஃபுதீனுக்குக் கோபம் வந்ததே அப்போதுதான். அதுவரை அவரும் "வுடுடா, ரீஸ்டார்ட் பண்ணிக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான். நேராக எங்கள் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரின் தலையில் தட்டினார். "இது என் கையால மாட்டுன மிஷின்! இதப் பழசுன்றான்! எவன்டா அவன், நேர்ல வரச் சொல்லு!" வேலையைவிட்டு அனுப்பிய கம்பெனி திரும்பக் கேட்காமல் இஃப்ராவிடமே விட்டுவிட்ட புது லேப்டாப் ஒன்று இருந்தது. அதில் அவளும் ஒரு வாரம் ட்ரிப் ஷீட் எழுதினாள். இழுவை கொஞ்சம் பிந்தி ஆரம்பித்தது, அவ்வளவுதான். ஏறுகிற விதம் அதேதான். மூன்றாவது புகாரில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினார்கள்.

மூடினார்கள். அதே வாக்கியம்.

இதற்குள் டீக்கடைக்கு வந்துகொண்டிருந்தவர்களில் நான்கைந்து பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் தங்கள் கம்ப்யூட்டர்தான் பழசாகிவிட்டது என்று நம்பியவர்கள். மலேசியாவில் பள்ளிக்கூடக் காவலாளியாக இருந்த ஒருவர், "இதுக்கு மேல புதுசு வாங்க முடியாதுங்க" என்று சொல்லி வணக்கம் போட்டுவிட்டுப் போனார். அவர் போன அன்றைக்கு என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் மழை விடாமல் அடித்தது. வேளச்சேரியில் இஃப்ரா வீட்டுக் கீழ்த்தளம் வரை தண்ணீர். இங்கேயும் பல இடத்தில் இணையம் இல்லை. டீக்கடைக்கு வந்தது ஐந்தே பேர். அந்த ஐந்து பேரும் எங்கும் போகவில்லை, புதிதாக யாரும் வரவில்லை. மூன்று மணி நேரம் வெள்ளத்தைப் பற்றியே பேசினார்கள். அரைமணிக்கு ஒருமுறை அவர் ஷீட் எழுதினார், பழக்கத்தில்.

காலையில் காபி குடிக்கும்போது நோட்டைப் புரட்டியவர் நிறுத்தினார். ஏழுக்கு ஒரு நொடி. எட்டுக்கு ஒரு நொடி. ஒன்பதுக்கு ஒரு நொடி. பத்துக்கும் ஒரு நொடி.

காபி ஆறிப்போனது. வெகுநேரம் கழித்து ஸ்லேட்டை என் பக்கம் திருப்பினார். 'டீ குடிக்கிற டிரைவர்.'

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுதி எழுதி அழித்து விளக்கினார். நிலையத்தில் ஒரு தந்திரம் உண்டாம். கண்டக்டர் வந்து நாலு பத்துக்கு வண்டி கிளம்பியதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். தாளில் வண்டி போய்விட்டது. ஆனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருப்பார். இப்படி நாலு வண்டி நின்றால் போதும், உள்ளே வர வேண்டியவை வெளியே சாலை வரைக்கும் வரிசை கட்டும். புது டைம் கீப்பர்கள் வண்டி ஜாஸ்தியாகிவிட்டது என்று மேலே எழுதுவார்கள். பழையவர்கள் அறையை விட்டு எழுந்து வெளியே போய்ப் பார்ப்பார்கள்.

'டீக்கடையில இருந்து போறானே, அவன் போவல. நம்ம மிஷினுக்குள்ளயே நின்னுக்கினு கீறான். ஒவ்வொருத்தனும். அதான் இழுக்குது.'

அன்றைக்கே ஷீட்டில் இரண்டு கட்டம் கூட்டினார்: வந்தவர், போனவர். ஒரு வாரத்தில் தெளிவாகிவிட்டது. நேரம் முக்கியமே இல்லை. நாற்பது பேர் வந்துபோன நாளில் இருபத்தைந்து நொடி. எழுபது பேர் வந்துபோன நாளில் ஐம்பது. அவர் அதோடு நிற்கவில்லை. மூன்று மணி நேரம் காத்திருந்து பார்க்கிற பொறுமை கம்பெனிக்காரனுக்கு இருக்காது, இருபது நிமிடத்தில் காட்ட வேண்டும் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரிசை இல்லாத மத்தியான நேரத்தில், டீக்கடைக்காரர்கள் பதினைந்து பேர் கூடினார்கள். அவர் உருவம் கடை வாசலில் விசிலோடு நின்றது.

"இப்ப எல்லாரும் ஒருத்தன் பின்னால ஒருத்தனா வெளிய போவணும். போயி ஒடனே உள்ள வரணும். திரும்பப் போவணும். நான் சொல்றவரைக்கும்."

"எதுக்கு நைனா, கோயில் சுத்துறதா?"

"சுத்து. புண்ணியம் வரும்."

"எத்தினி சுத்து?"

"என் வண்டி படுக்கறவரைக்கும். ரைட், போலாம்!"

இருபத்திரண்டு நிமிடம். போவதும் வருவதுமாக ஒரே அமளி. ஷரஃபுதீன் இரண்டு முறை உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளப் பார்த்தார். "அங்க இன்னா குந்திக்கினு கீற, எழுந்து ஓடு!" என்று இவர் விரட்டினார். பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தது நான். அறுபத்து மூன்றாவது முறையாக ஓர் ஆள் வெளியே போனபோது அவருடைய "வண்டி கெளம்பிச்சு" முப்பத்தெட்டு நொடி கழித்து வந்தது. அடுத்த ஞாயிறு அதே பதினைந்து பேர் அதே இருபத்திரண்டு நிமிடம் கடைக்குள்ளேயே ஆடிப் பாடி ஓடினார்கள், யாரும் வெளியே போகவில்லை. ஒரு நொடி.

நான்காவது புகாரில் அவர் சொல்லி இஃப்ரா எழுதிய முதல் வரி: 'உங்கள் நிலையத்திலிருந்து கிளம்பியதாக எழுதப்பட்ட வண்டிகள் எதுவும் கிளம்பவில்லை. தாளைப் பார்க்காதீர்கள், எழுந்து வெளியே போய்ப் பாருங்கள்.'

ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாவது நாள் அந்தப் பக்கத்தில் ஒரு சொல் மாறியிருந்தது: உறுதி செய்யப்பட்டது. வெளியேறியவர்களின் உருவங்களைப் புரோகிராம் நினைவிலிருந்து விடுவிக்கவில்லை, எல்லாக் கணினியிலும் நடக்கிறது, திருத்தி வெளியிடுவோம். ஷரஃபுதீன் அதை அச்சடித்துத் தன் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். வாடிக்கையாளர்கள் ஏதோ நோட்டீஸ் என்று நினைத்துப் படித்துவிட்டுப் போனார்கள்.

புதிய பதிப்பு மார்கழிக்கு முன்பே வந்துவிட்டது. அன்றைக்கு ஏழு மணிக்கு உட்கார்ந்தவர் எழுந்தது பத்தே காலுக்கு. ஷரஃபுதீனை மூன்று முறை மடக்கினார். துபாய்க்காரரோடு கொள்கைச் சண்டை போட்டார், சமாதானமும் ஆனார். இஃப்ரா ஒரு நேர்காணலுக்குப் போய் வேலை கிடைக்காமல் வந்த கதையைச் சொன்னாள். அவள் முடிப்பதற்கு முன்பே, "அப்ப அவங்க கொடுத்து வெக்கல" என்று இவர் வரி வந்தது. அதற்கு அவள் போட்ட சிரிப்பும் உடனே வந்தது. நான் இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டேன். கையை ஆட்டி, போ என்றார்.

எல்லோரும் முடிந்தது என்று நினைத்தோம். அவருக்கு அது முடிந்திருக்கவில்லை. புகார்ப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் விரலால் காட்டினார். நான்காவது புகார் சரி. முதல் மூன்றும் அப்படியே இருந்தன, மூடியபடி, அதே காரணத்தோடு: பயனரின் கணினி பழையது.

அதைத் திருத்தச் சொல்லி நாலு நாளில் ஐந்து கடிதம் அனுப்பினார். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை டீக்கடைக்குள் கோட் போட்ட ஓர் உருவம் வந்தது. ஹென்ரிக் என்று பெயர். அந்தக் கோளாறைச் சரிசெய்த எஞ்சினியர் தான்தான் என்று ஆங்கிலத்தில் எழுதினார். பெஞ்சிலிருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். முருகையன் உட்கார்ந்தே இருந்தார்.

இஃப்ரா மொழிபெயர்த்தாள். "அங்கிள், ரொம்ப நன்றி சொல்றாரு. இப்படி ஒரு ரிப்போர்ட் அவங்களுக்கு வந்ததே இல்லையாம். நன்றிப் பட்டியல்ல உங்க பேர போடலாமான்னு கேக்குறாரு."

"பேரு வேணாம். மூணு தாள்ல மிஷின் பழசுன்னு தப்பா எழுதி வெச்சிருக்கான். அத்த அடிச்சிட்டு சரியா எழுதச் சொல்லு."

இஃப்ரா ஏதோ எழுதினாள். அவர் படித்துப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்குப் பேச வராதே தவிர, படித்தால் புரியும்.

"இன்னா இஃப்ரா, தயவு செஞ்சின்னு போட்டுக்கீற? நான் அப்பிடி சொல்லல."

"அங்கிள், கொஞ்சம் மரியாதையா..."

"மரியாதையா மூணு தபா எழுதியாச்சு. மலேசியாக்காரர் ஒருத்தர் அந்த வரிய நம்பி எழுந்து போயிட்டாரு. இன்னும் எத்தினி பேரு போனானோ. காரமாவே சொல்லு."

இஃப்ரா காரமாகச் சொன்னாள். ஹென்ரிக் எழுதினார்: முதல் இரண்டும் என் குழு மூடியவை, இப்போதே திருத்துகிறேன். நான் இன்னொரு ஜன்னலில் புகார்ப் பக்கத்தைத் திறந்தேன். கண் முன்னாலேயே மாறியது. முதலாவது. இரண்டாவது. காரணம்: எங்கள் மென்பொருளின் பிழை.

"மூணாவது?"

"அது அவங்க மேனேஜர் மூடினதாம் அங்கிள். அவரு ஒத்துக்காம இவரு தொட முடியாதாம். திங்கக்கெழம கேக்குறேன்றாரு. மேனேஜர் இப்ப வேற ஏதோ மீட்டிங்குல இருக்காராம்."

"அப்ப மீட்டிங்கு முடிஞ்சதும் கூட்டினு வரச் சொல்லு."

"லேட் ஆவுமாம்."

"ஆவட்டும்" என்று என் கணவர் அடித்தார். அடித்த நொடியிலேயே அது தலைக்கு மேலே வந்தது. "நான் இங்கதான் குந்திக்கினு இருப்பேன்."

ஷரஃபுதீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். துபாய்க்காரரும் வந்து உட்கார்ந்தார். இஃப்ரா அதை எந்த இனிப்பும் சேர்க்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள். ஹென்ரிக் கிளம்பிப் போனார். மேனேஜர் வருவதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது, அதுவரைக்கும் முருகையன் பேசிக்கொண்டே இருந்தார்.